முப்பது கழியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் மகள் 30-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,250 கிராம். ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில் நன்றாகப் பால் குடிக்கிறாள். இன்று 26-ஆம் நாள். டிஸ்சார்ஜ் சீட்டில் விழித்திரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். 'முப்பது நாள் தீட்டு கழியட்டும்' என்கிறார் அம்மா. அந்தப் பரிசோதனையை வீடியோவில் பார்த்தே பயந்துவிட்டேன். கண்ணில் பூளை வேறு ஒட்டுகிறது, சில நேரம் மாறுகண் போலத் தெரிகிறது. ஆக்சிஜனால் பார்வை போய்விடுமா?

பதில்: முப்பது கழிவதற்குள் போய்விடுங்கள். இதை அன்றைக்கே உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கே கொஞ்சம் விரிவாக.

பூளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். கண் சிவந்தால், வீங்கினால் மட்டும் காட்டுங்கள். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ கண்ணில் விட வேண்டாம். 'பார்வை வளர' என்று யாரோ அனுப்பிய சொட்டு மருந்தும் வேண்டாம். கண் அவ்வப்போது ஓரமாகப் போவது முதல் சில மாதங்களில் சகஜம்.

ஆக்சிஜனுக்கு வருவோம். விழித்திரைக்கான ரத்தக் குழாய்கள் நான்காம் மாதவாக்கில் கண்ணின் பின்பக்கம் முளைத்து, பிரசவ நாளை ஒட்டித்தான் ஓரம்வரை போய்ச் சேரும். உங்கள் மகள் பிறந்தபோது அவை பாதி வழியில் நின்றிருக்கும். கருப்பையைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம் என்பதால் வளர்ச்சி தடைபடுகிறது. சில வாரம் கழித்து, ரத்தம் போதாத விழித்திரை தாறுமாறாகப் புதுக் குழாய்களை வளர்க்கிறது. அவை கசியும்; முற்றினால் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மேலை நாடுகளில் இன்குபேட்டருக்குள் கணக்கில்லாமல் ஆக்சிஜன் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தபோது உயிர்கள் போயின. அதனால்தான் இன்று அளந்து கொடுக்கிறோம். பாப்பா காலில் சிவப்பு விளக்கோடு ஒன்றைக் கட்டியிருந்தார்களே, அது அந்த அளவைப் பார்க்கத்தான். ஆக்சிஜன் கொடுத்தவர்களைத் திட்டாதீர்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் இந்த விழித்திரை நோய் (ROP என்பார்கள்) வெளியே தெரியாது. குழந்தை விளக்கைப் பார்க்கும், முகம் பார்த்துச் சிரிக்கும், உள்ளே விழித்திரை கழன்றுகொண்டிருக்கும். கண்மணி வெள்ளையாகத் தெரிந்த பிறகு தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் எங்களுக்குச் சொல்ல அதிகம் எதுவும் இருக்காது. எனவே இதில் ஒரே எச்சரிக்கை அடையாளம், அந்தச் சீட்டில் இருக்கும் தேதிதான். நம் நாட்டில் 34 வாரத்துக்குள் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்குள் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவு என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. அம்மாவிடம் சொல்லுங்கள்: தீட்டை வந்து கழித்துக்கொள்ளலாம்.

வீடியோவைப் பார்த்துப் பயந்தீர்களாம்! நடப்பது இதுதான்: கண்மணி விரியச் சொட்டு மருந்து, மரத்துப்போக இன்னொன்று, இமையைப் பிடித்துக்கொள்ளச் சின்னக் கம்பி, தலையில் விளக்கு மாட்டிய டாக்டர். சில நிமிடம். குழந்தை வீறிட்டு அழும், இமை சற்றுச் சிவக்கும், அப்புறம் தூங்கிவிடும். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுத்துப் புரையேறும்.

லேசான பாதிப்பு பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சிகிச்சை தேவைப்பட்டால் லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி. 'வேண்டும்' என்று சொன்னால் இரண்டு, மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நல்ல நாள் பார்க்க நேரமில்லை.

முதல் தடவை 'ஒன்றுமில்லை' என்றதும் பலர் நின்றுவிடுகிறார்கள். குழாய்கள் ஓரம் தொடும்வரை வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். அடுத்த தேதியை எழுதி வாங்காமல் அறையைவிட்டு வராதீர்கள். கடைசியாக 'முழுசாக வளர்ந்துவிட்டது' என்று அவர்கள் சொன்னாலும், ஒரு வயதில் பவரும் மாறுகண்ணும் பார்த்துக்கொள்ளுங்கள்.