சிவப்பு மையில் சுழித்த அந்த ஒரு பேப்பர்

சார், நேற்று நீங்கள் கொண்டு வந்த பாடப்பட்டியலில் ஒரே ஒரு வரியைச் சிவப்பு மையில் சுழித்திருந்தீர்கள்: பெட்ரோலியப் பொருளாதாரமும் இடர் பகுப்பாய்வும். பெட்ரோலியத்தில் எம்.டெக். படிக்கிற பையனுக்கு எதற்கு பி.காம். பாடம் என்று கேட்டீர்கள். தம்பியும், விருப்பப் பாடம்தானே, அதற்குப் பதில் இன்னொரு டிரில்லிங் பேப்பர் எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையில் இருக்கிறார். வெளியே அடுத்தவர்கள் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. விட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஒரு கணக்கு பாருங்கள். கிணறு தோண்ட 100 கோடி ஆகிறது. எண்ணெய் கிடைத்தால் செலவு போக 400 கோடி மிஞ்சும். கிடைக்காவிட்டால் போட்ட 100 கோடியும் மண்ணோடு போகும். கிடைக்க 30 சதவீதம் வாய்ப்பு என்கிறார் புவியியல் நிபுணர். பத்தில் ஏழு தடவை தோற்கிற வேலைக்கு யார் பணம் போடுவார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 400-இல் 30 சதவீதம் 120. 100-இல் 70 சதவீதம் 70. கழித்தால் 50 கோடி ஆதாயம், தோண்டலாம். வாய்ப்பு 15 சதவீதம் என்றால் 60-க்கு எதிரே 85 நிற்கிறது, 25 கோடி நஷ்டம். 20 சதவீதத்தில்தான் கோடு விழுகிறது. சரி, அது 30-தான், 18 இல்லை என்று அந்த நிபுணருக்கு எப்படித் தெரியும்? பாடமே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அப்புறம், ஒரே ஒரு கிணற்றுக்குத்தான் காசு இருக்கிற சின்ன கம்பெனிக்கு அந்த 50 கோடி வெறும் காகிதக் கணக்கு. முதல் கிணறு காய்ந்துபோனால் கடையை மூட வேண்டியதுதான். கடலில் தோண்டும்போது இரண்டு மூன்று கம்பெனிகள் பங்கு சேர்வதற்கு இது ஒரு பெரிய காரணம்.

காலக் கணக்கை ஏலச்சீட்டு போட்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதமே எடுப்பவர் ஏன் அதிகத் தள்ளு கொடுக்கிறார்? நாளைய காசைவிட இன்றைய காசுக்கு மதிப்பு அதிகம் என்பதால்தான். அதேதான் இங்கும். பத்து வருடம் கழித்து வரும் 100 கோடி, வருடத்துக்கு 10 சதவீதம் வைத்தால், இன்றைக்குச் சுமார் 38.5 கோடிதான்.

எண்ணெய் விலையோ யார் சொல்லியும் கேட்காது. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே வந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயை மே மாதம் டெலிவரி எடுப்பதற்கான முன்பேர ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. சேமிக்க இடமில்லாமல், எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவருக்கே காசு கொடுத்த நாள் அது. விலை விழுந்தால் பூமிக்கடியில் ஒரு சொட்டு குறையாமலே கம்பெனியின் 'இருப்பு' சுருங்கிவிடும், ஏனென்றால் லாபமாக எடுக்க முடிகிறதைத்தான் இருப்பு என்று எழுதுவார்கள். ரிசர்வாயர், அதாவது எண்ணெய் தேங்கிக் கிடக்கும் பாறை அடுக்கைப் பற்றி மட்டும் படித்த பையன் இந்த இடத்தில் முழிப்பான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சூத்திரத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிற மாதிரி நடத்தினால் இந்தப் பேப்பரால் பிரயோஜனமில்லை. ஒரே விடைக்குப் பதில் குறைந்தபட்சம், நடுத்தரம், அதிகபட்சம் என்று வீச்சாகக் கணக்குப் போட வைக்கிறார்களா, அந்த வீச்சுக்குள் எண்களைக் குலுக்கல் மாதிரி எடுத்து ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும் மான்டே கார்லோ முறையில் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்களா என்று தம்பி சீனியர்களிடம் விசாரிக்கட்டும்.

எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டா என்ற உங்கள் இன்னொரு பயத்துக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. பூமிக்கடியில் இருக்கும் வெப்பத்தை எடுத்துப் பயன்படுத்துவதோ, கார்பனைப் பூமிக்குள் அடைப்பதோ, எதுவானாலும் காசு போடுகிறவர் கேட்பது இதே கணக்கைத்தான்.

சனிக்கிழமை வரும்போது தம்பி லேப்டாப்பையும் எடுத்து வரட்டும். அந்த 30 சதவீதத்தை எக்செல்லில் 18, 22 என்று மாற்றி அவரே போட்டுப் பார்க்கட்டும்.