சட்டக் கேள்வி-பதில்: ஒப்புக்கொண்ட பிறகு அப்பீல் உண்டா?

கே: மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் சிறை. அப்பீல் போகலாமா? டைம் இருக்கா சார்?

ப: தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டும் போகலாம். ‘நான் செய்யவில்லை’ என்ற வாதம் அங்கே எடுபடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 375, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 416. செஷன்ஸ் கோர்ட்டில், 30 நாளுக்குள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. தீர்ப்புத் தேதியையே எழுதாமல் டைம் இருக்கா என்றால், நான் ஜோசியமா பார்க்க முடியும்?

கே: போலீசில் கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும் ஒப்புதல்தானே?

ப: இல்லவே இல்லை. இங்கே பேசுவது கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் ஒப்புக்கொள்வதைப் பற்றி. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கே: ‘ஒத்துக்கோ, ஃபைனோட போயிடும்’ என்றார் கோர்ட் வாசலில் ஒருவர். என் மேல் என்ன குற்றம் என்று யாரும் படித்துக்கூடச் சொல்லவில்லை. இப்போது தண்டனை.

ப: இந்த வாசல் ஆலோசகர்களைப் பற்றி எத்தனை தடவை எழுதுவது? ஃபைன் அவர்களா கட்டப்போகிறார்கள்? சரி, வழி இருக்கிறது. சம்மன் வழக்கில் (இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய சிறு குற்ற வழக்கு) குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொன்னதை, கூடியவரை உங்கள் வார்த்தையிலேயே பதிய வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 274, 275). நடப்பது என்ன? வரிசையில் நிற்கும் இருபது பேருக்கும் ஒரே வரி: ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’. இருபது பேரும் ஒரே வாக்கியமா பேசினார்கள்? இது வெறும் சடங்கு அல்ல. 1960களில் மதராஸிலிருந்து போன மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கில், இப்படிப் பதியாததாலேயே தண்டனை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே தீர்ப்பு நகல் மட்டும் போதாது, ஒப்புதலைப் பதிந்த தாளின் நகலும் வாங்குங்கள். அதை வைத்து செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு (கீழ்க்கோர்ட் செய்தது சட்டப்படி சரியா என்று பார்க்கக் கேட்பது), சுமார் மூன்று மாதத்துக்குள். ஜெயித்தாலும் விடுதலை என்று துள்ள வேண்டாம். வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கலாம்.

கே: பிளீ பார்கெய்னிங்கில் (தண்டனை குறைய, எதிர்த்தரப்போடு பேசி ஒப்புக்கொள்வது) முடிந்த வழக்கு?

ப: அப்பீல் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின்படி போடும் ரிட் மனு அல்லது உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, அவ்வளவுதான்.

கே: குடித்துவிட்டு பைக் ஓட்டியதை ஒப்புக்கொண்டு கோர்ட்டில் ஃபைன் கட்டினேன். தண்டனை உண்டா என்று அரசு வேலை விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். ‘இல்லை’ எனலாமா?

ப: கூடாது. ஃபைனும் தண்டனைதான். மறைத்தால் அதற்கே வேலை போகலாம்.