முதியோர் இல்லங்களின் ஆள் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இத்தனை பேர் பணியில் இருக்க வேண்டும் என்ற விதியை அரசு கைவிட்டதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். நான் கன்சாஸில் ஒரு சிற்றூர் இல்லத்தில் கணக்கு பார்க்கிறேன். விளம்பரம் கொடுத்தால் விண்ணப்பமே வருவதில்லை. அந்த விதி அமலாகியிருந்தால் எங்கள் இல்லத்தை மூடியிருப்பார்கள். இல்லாத நர்ஸை எங்கிருந்து கொண்டுவருவது? வாஷிங்டனில் உட்கார்ந்து எண் போடுவது சுலபம்.

வி.

அன்புள்ள வி.,

நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். 2024 மே மாத விதி எண்ணைக் கொடுத்தது, பணத்தைக் கொடுக்கவில்லை. பத்தாண்டில் சுமார் 4,300 கோடி டாலர் செலவாகும் என்று அரசே மதிப்பிட்டது. ஆள் சேர்க்கும் இயக்கத்துக்கு அது ஒதுக்கியது 7.5 கோடி. இல்லவாசிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுதான் படியளக்கிறது. அந்தப் படியை உயர்த்தாமல் ஆளை மட்டும் கூட்டச் சொன்னால் உங்களைப் போன்றவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் மூடியே இருப்பார்கள் என்பது மிகை. கிராமப்புற இல்லங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் இருந்தது. ஆள் கிடைக்காத வட்டாரங்களுக்கு விலக்கு கேட்கவும் வழி இருந்தது. எப்படியும் அந்த எண்கள் ஒரு நாள்கூட அமலாகவில்லை. 2025 ஏப்ரலில் டெக்சாஸின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அவற்றை ரத்து செய்தார். ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2034 வரை நிறுத்திவைத்தது. டிசம்பரில் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது.

24 மணி நேரமும் ஒரு பதிவு பெற்ற நர்ஸ் இருக்க வேண்டும் என்றும் விதி கேட்டது; அதைச் சுற்றியும் சண்டை நடந்தது. முதியோர் இல்லங்களுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது நாளுக்கு எட்டு மணி நேரம்தான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் எண். ஓர் இல்லவாசிக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 3.48 மணி நேரப் பராமரிப்பு, அதில் நர்ஸ் உதவியாளர்களுடையது 2.45 மணி என்றது விதி. அதாவது 147 நிமிடம், மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து.

விழுங்கச் சிரமப்படும் ஒரு கிழவிக்கு ஒரு வேளை ஊட்ட அரை மணி ஆகும் என்று வையுங்கள். மூன்று வேளைக்கு 90 நிமிடம் போயிற்று. மிச்சமுள்ள 57 நிமிடத்தில் குளிப்பாட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும், கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். படுக்கையிலிருந்து தூக்கும் கருவி வைத்துத் தூக்க வேண்டியவர் என்றால் இரண்டு ஆள் வேண்டும். நேரம் போதாதபோது நல்ல மனசுள்ள உதவியாளரும் என்ன செய்வார்? மணி அடித்தவரிடம், “டயப்பர் கட்டியிருக்கிறதே, அதிலேயே போங்கள்” என்பார். சாப்பாட்டை அவசரமாக ஊட்டுவார். புரையேறும், நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

இந்த 147 நிமிடமும் பேரம் பேசிக் குறைத்ததுதான். 2001இல் அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு உதவியாளருக்கு மட்டும் 2.8 மணி, மொத்தம் 4.1 மணி என்றது. கலிபோர்னியாவில் 2018 முதல் மொத்தம் 3.5 மணி நேரம் சட்டமாக இருக்கிறது. விலக்குகளோடுதான். ஆனாலும் அங்கே இல்லங்கள் பூட்டிக்கொண்டு போய்விடவில்லை.

‘ஆள் கிடைப்பதில்லை’ என்பதை நான் சம்பளத்தோடு சேர்த்தே படிக்கிறேன். அதே காசுக்கு ஒரு கிடங்கில் முதுகு ஒடியாத வேலை கிடைக்கும்போது யார் வருவார்கள்? காசு இல்லை என்பீர்கள். சில இடங்களில் உண்மையிலேயே இல்லை. ஆனால் இல்லினாய் இல்லங்களின் கணக்குகளை அலசிய இரண்டு பொருளாதார அறிஞர்கள் வேறொன்றைக் கண்டார்கள். உரிமையாளர் தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கே அதிக வாடகையும் நிர்வாகக் கட்டணமும் கட்டி, லாபத்தைச் செலவாகக் காட்டிவிடுகிறார். கட்டடம் ஒரு கம்பெனி பெயரில், இல்லம் இன்னொரு கம்பெனி பெயரில். ஏட்டில் நஷ்டம்.

நீங்கள் கணக்கு பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன். உங்கள் இல்லம் மாதாமாதம் வாடகை கட்டும் நிறுவனம் யாருடையது? வருமானத்தில் அது எத்தனை சதவீதம்? ஊர் பேர் வேண்டாம், முடிந்தால் அதை மட்டும் எழுதுங்கள். வாடகை நியாயமாக இருந்து, உண்மையிலேயே நஷ்டம்தான் என்றால், உங்கள் கடிதத்தின் மறுபாதியையும் ஒப்புக்கொள்கிறேன்.