பார்சலில் வந்த கழுத்துப்பட்டை

கேள்வி: எனக்கு 33 வயது, கணவருக்கு 36. கல்யாணமாகி ஆறு வருடம். போன வருடம் ஒரு ராத்திரி ரொம்பத் தயங்கி, தனக்குச் சில நேரம் நாய்க்குட்டி மாதிரி இருக்கப் பிடிக்கும் என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் மெல்லப் பேசிப் பழகி, இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் பப், அதாவது நாய்க்குட்டி; நான் ஹேண்ட்லர், அதைப் பார்த்துக்கொள்பவள். எனக்கும் இது பிடித்திருக்கிறது, பயமே அதுதான். இது மனநோயா? எங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா? வெளியே தெரியாமல் அவர்களைச் சந்திக்க முடியுமா? போன மாதம் ஆன்லைனில் வாங்கிய கழுத்துப்பட்டையை மாமியார் பிரித்துப் பார்த்து, “நாய் வளர்க்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டார்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: நீங்கள் சிரித்த பிறகும் அவர் பேச்சை நிறுத்தவில்லை, நீங்களும் காது கொடுத்தீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

மனநோயா என்று கேட்டீர்கள். இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, வழக்கத்துக்கு மாறான ஆசை வேறு, நோய் வேறு என்று பிரித்துவிட்டது. அந்த ஆசையால் ஒருவர் தனக்குள் கடுமையாக அவதிப்பட்டாலோ, அடுத்தவருக்குத் தீங்கு நேர்ந்தாலோ, சம்மதிக்காதவரை அதில் இழுத்தாலோதான் மருத்துவர் அதைக் கோளாறாகப் பார்ப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் (2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது) கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. வயதுவந்த இருவர், இருவருக்கும் சம்மதம், உண்மையான விலங்கு எதற்கும் இதில் வேலையில்லை. உங்கள் வீட்டில் நடப்பது அவ்வளவுதான்.

தமிழில் ‘நாயே’ என்றால் வசவு. நம்மவர்கள் பப், கிட்டன் (பூனைக்குட்டி) என்று ஆங்கிலத்துக்குள் ஒதுங்கிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். ஆனால் ‘செல்லம்’, ‘பூனைக்குட்டி’ என்று கொஞ்சாத வீடு நம் ஊரில் உண்டா? உங்கள் கணவருக்கு இதில் எது வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். சிலருக்குத் திட்டு வாங்குவதில் கிளர்ச்சி. வேறு சிலருக்கு அவமானம் என்ற பேச்சே ஆகாது. வீட்டுக்கடன், அப்ரைசல் எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு, பேச வேண்டிய கட்டாயமே இல்லாமல், யாரோ தலையைத் தடவிக்கொடுக்க அரை மணி நேரம் கிடந்தால் போதும். இரண்டாவது வகை ஆளை நீங்கள் விளையாட்டாக ‘சீ, நாயே’ என்று சொல்லிவிட்டால் அது ஆறாது. சிலருக்கு இதில் காமமே இருக்காது என்பதும் உண்மை. நீங்கள் ஹேண்ட்லராக இருப்பதை ரசிப்பது கொடுமைக்கார மனசு என்று அர்த்தமில்லை. ஒருவர் தன்னை முழுசாக உங்கள் பொறுப்பில் விடுகிறார்; அது பிடிப்பதில் என்ன தப்பு?

எனக்கு உண்மையில் கவலை தருவது இன்னொன்று. பொதுவாக இந்த மாதிரி வழக்கத்துக்கு மாறான, ‘கிங்க்’ என்று சொல்லப்படும் விளையாட்டுகளில் ‘போதும்’ என்று சொல்ல ஒரு சேஃப்வேர்ட் வைத்துக்கொள்வார்கள். பப் பேச மாட்டாரே! வாய் திறந்து சொல்வது அந்த மனநிலையையே கலைத்துவிடும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுவார். அதனால் சத்தத்தால் ஒரு சைகை வையுங்கள்: தரையில் மூன்று தட்டு, அல்லது அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மை. சைகை வந்தால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும். ஹேண்ட்லரும் நிறுத்தலாம், அந்த உரிமை உங்களுக்கும் உண்டு.

கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டி இழுக்கவே கூடாது, கட்டிலிலோ கதவிலோ கட்டிவிட்டு நகரவும் கூடாது. கயிறு வேண்டுமென்றால் மார்பைச் சுற்றும் ஹார்னஸில் மாட்டுங்கள். 36 வயது முட்டி நம் டைல்ஸ் தரையில் பத்து நிமிடம் தாங்காது. யோகா பாயும் விளையாட்டுக் கடையில் கிடைக்கும் முட்டிக் கவசமும் வாங்குங்கள். முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போனை எடுக்காதீர்கள். அந்த மனநிலையிலிருந்து வெளியே வரச் சிலருக்கு நேரம் பிடிக்கும், காரணமில்லாமல் அழுகைகூட வரும். தண்ணீர், போர்வை, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் பேச்சு. ஆஃப்டர்கேர் என்று இதற்குப் பெரிய பெயர் இருந்தாலும் விஷயம் இவ்வளவுதான்.

சரி, ஆட்களுக்கு வருவோம். இருக்கிறார்கள். கிங்க் ஆசை உள்ளவர்களுக்காக 2008-இல் கனடாவில் தொடங்கிய ஃபெட்லைஃப் என்ற சமூக வலைத்தளத்தில் இந்திய நகரங்களின் பெயரிலும் குழுக்கள் உண்டு. டெல்லியை மையமாகக் கொண்ட ‘கிங்கி கலெக்டிவ்’ சம்மதம் பற்றிப் பல வருடங்களாகப் பேசிவரும் குழு. முதலில் அவர்கள் எழுதியதைப் படியுங்கள். நேரில் சந்திக்க ‘மன்ச்’ என்றொரு வழக்கம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஒரு பர்கர் கடையில் ஆரம்பித்தது. பொது இடத்தில், சாதாரண உடையில் கூடுவார்கள். காபி குடிப்பார்கள், பேசுவார்கள், பில்லைப் பிரித்துக் கட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்து மேசைக்காரருக்கு அது ஏதோ ஆபீஸ் நண்பர்கள் கூட்டம். அங்கே உண்மைப் பெயரை யாரும் கேட்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. முதல் சந்திப்புக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். கோவையில் போனால் தெரிந்த முகம் எதிர்ப்படும் என்று பயமாக இருந்தால் பெங்களூரு மாதிரிப் பெரிய ஊரில் தொடங்கலாம். தெரிந்த முகமே வந்தாலும், அவரும் அதே காரணத்துக்காகத்தானே வந்திருக்கிறார்!

தனி மெயில் ஐடி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான போன் நம்பரைத் தராதீர்கள். படத்தில் முகத்தை மறைப்பவர்கள் பின்னால் தொங்கும் ஜவுளிக்கடை காலண்டரை மறந்துவிடுவார்கள். ஊர், கடை, தெரு எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். குழுவில் சேரவே முன்பணம் கேட்பவர், முதல் வாரத்திலேயே வீடியோ காலில் ‘செய்து காட்டு’ என்பவர், ‘உண்மையான பப்புக்கு எல்லையே கிடையாது’ என்று வசனம் பேசுபவர், இவர்களை யோசிக்காமல் பிளாக் செய்யுங்கள். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அழையுங்கள். குற்றவாளி மிரட்டுபவர்தான், நீங்கள் இல்லை.

மாமியாருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே. ‘தெரிந்தவர் வீட்டு நாய்க்கு’ என்று சொல்லியிருந்தால் சமாளித்துவிட்டீர்கள். ஹார்னஸ் வாங்கும்போது பார்சலை வீட்டுக்கு வரவழைக்காமல், கணவரையே கடைக்குப் போய் வாங்கிவரச் சொல்லுங்கள். அளவு பார்த்து வாங்கியது போலவும் இருக்கும்.