எண்ட் ஸ்கிரீன் போட்டா வியூஸ் ஏறுமா? கேள்வி பதில்

யூடியூப் வீடியோ முடியும்போது திரையில் வர்ற கிளிக் பெட்டிகளை, அதாவது எண்ட் ஸ்கிரீனைப் பத்தி மட்டும் கேளுங்க. மானிட்டைசேஷன், காப்பிரைட் ஸ்ட்ரைக் எல்லாம் இங்க வேண்டாம்.

அடுப்பங்கரை: அண்ணா, என் சமையல் சேனல்ல 40 வீடியோ இருக்கு. ஒண்ணுலயும் எண்ட் ஸ்கிரீன் போடல. போட்டா உண்மையிலேயே ஆள் வருவாங்களா?

பதில்: புது ஆள் வரமாட்டாங்க. ஏற்கனவே வந்த ஆள் இன்னொரு வீடியோ பார்ப்பாங்க, அவ்வளவுதான் அதோட வேலை.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். 10,000 பேர் பார்க்கிற வீடியோல கடைசி 20 நொடி வரைக்கும் 30 சதவீதம் பேர் இருந்தா 3,000 பேர். அதுல நூத்துக்கு 5 பேர் பெட்டியைத் தொட்டா 150 வியூ. இதை 300 ஆக்கணும்னா, தொடுறவங்க இரட்டிப்பாகணும், இல்லேன்னா கடைசி வரைக்கும் நிக்கிறவங்க இரட்டிப்பாகணும். எல்லாரும் பெட்டியோட கலர், அம்புக்குறின்னு முதல் வழியிலேயே மெனக்கெடுறாங்க. ஓட்டை பெரும்பாலும் ரெண்டாவதுலதான்.

பழைய வீடியோவை மறுபடி ஏத்த வேண்டாம். யூடியூப் ஸ்டூடியோல வீடியோவோட விவரப் பக்கத்துல எண்ட் ஸ்கிரீன் இருக்கும். 40-க்கும் ஒரே நாள்ல உக்காராதீங்க. கடைசி 90 நாள்ல அதிகம் ஓடின பத்து வீடியோவுக்கு முதல்ல போடுங்க. பெட்டிக்கு இடம் விடாம எடுத்த வீடியோவா இருந்தா ஒரே பெட்டி, கடைசி 6 நொடி போதும். தட்டு மேல பெட்டி உக்காரக் கூடாது.

ஸ்பேனர்: பைக் ரிப்பேர் சேனல். எத்தனை பெட்டி, எத்தனை நொடி, எங்க வைக்கணும்?

பதில்: விதி இது: வீடியோ குறைஞ்சது 25 நொடி இருக்கணும், எண்ட் ஸ்கிரீன் கடைசி 5 முதல் 20 நொடி, 16:9 வீடியோவுக்கு நாலு பெட்டி வரைக்கும். நாலு வைக்கலாம்னா நாலும் வைக்கணும்னு இல்ல. ஒரு வீடியோ, ஒரு சப்ஸ்கிரைப். நாலு வச்சா எதைத் தொடுறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்.

வீடியோ பெட்டில மூணு வகை: புதுசா ஏத்தினது, பார்க்கிறவருக்கு ஏத்ததை யூடியூப்பே எடுக்கிறது, நீங்களே குறிப்பிட்டுத் தேர்வு பண்றது. உங்களுக்கு மூணாவது. கார்புரேட்டர் கிளீனிங் பார்த்தவருக்கு அடுத்த சந்தேகம் என்ன? ஐட்லிங் நிக்கல. ஏர் ஸ்க்ரூ செட்டிங் வீடியோவை வைங்க.

ஷூட்லயே கடைசி 20 நொடிக்கு ஃப்ரேமோட வலது பாதியைக் காலியா விடுங்க. வீடியோ பெட்டி 15 நொடி, சப்ஸ்கிரைப் கடைசி 8 நொடி மட்டும் வர்ற மாதிரி டைம்லைன்ல இழுத்து விடலாம். அந்த நேரத்துல கார்டு (வீடியோ ஓடும்போது மூலைல வர்ற சின்ன லிங்க்) எதுவும் காட்டாது, அதை நம்பாதீங்க. ஒண்ணு செட் பண்ணிட்டா அடுத்த வீடியோவுக்கு இம்போர்ட் பண்ணிக்கலாம். ஆனா உள்ள இருக்கிற வீடியோவை மாத்த மறந்துடாதீங்க.

முக்கியமானது: "அவ்ளோதாங்க, வீடியோ பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. அந்த வார்த்தை காதுல விழுந்ததும் கட்டை விரல் நகர்ந்துடும், பெட்டி வெறும் திரைலதான் வரும். எந்த நொடி வரைக்கும் எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு காட்டுற ரிடென்ஷன் கிராஃப்ல அந்த நொடில பள்ளம் தெரியும், பாருங்க. பாடம் நடக்கும்போதே, "சுத்தம் பண்ணியும் ஐட்லிங் ஏறி இறங்கினா ஏர் ஸ்க்ரூவைப் பாருங்க, இதோ"ன்னு பெட்டி பக்கம் கையைக் காட்டுங்க.

ரீல்ஸ் ராணி: ஷார்ட்ஸுக்கு?

பதில்: கிடையாது. 'ரிலேட்டட் வீடியோ'ன்னு ஒரு நீள வீடியோவை இணைக்கலாம். கமெண்ட்ல, டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் போட்டுப் புண்ணியமில்ல. 2023 ஆகஸ்ட் 31-ல இருந்து ஷார்ட்ஸ்ல அது கிளிக் ஆகாது.

பாட்டி கதை: குழந்தைகளுக்கான சேனல். எண்ட் ஸ்கிரீனே வைக்க விடல சார்.

பதில்: 'மேட் ஃபார் கிட்ஸ்' வீடியோவுக்கு அது இல்ல. அதுக்காக அந்த அமைப்பைப் பொய்யா மாத்தாதீங்க. அடுத்த கதையோட பேரைக் குரல்ல சொல்லுங்க, தம்ப்நெயில் எல்லாம் ஒரே சாயல்ல வைங்க.

கணக்கு வாத்தியார்: உங்க கணக்குப்படியே 10,000-க்கு 150. ஒண்ணரை சதவீதம். இதுக்கு 20 நொடி அவுட்ரோ (முடிவுப் பகுதி) வச்சு ரிடென்ஷனைக் கெடுக்கணுமா? டக்குன்னு முடிச்சுட்டா, அடுத்த வீடியோவைத் தானா ஓட்டுற ஆட்டோபிளே பார்த்துக்கும்.

பதில்: மியூசிக் போட்டு 20 நொடி சும்மா ஓட்டுற அவுட்ரோ வேண்டாம்கிறதுல நானும் உங்க கட்சி. ஆனா பாடத்து மேலயே பெட்டி வந்தா கூடுதல் நொடி பூஜ்யம். ஆட்டோபிளேல அடுத்து யார் வீடியோ வரும்னு உங்க கைல இல்ல. போட்டிச் சேனலா இருக்கலாம்.

கணக்கு வாத்தியார்: பாடத்து மேல பெட்டி வந்தா விடை மறையும். 2025-ல பார்க்கிறவங்களுக்கே மறைக்கிற பட்டன் குடுத்துட்டாங்க. தொல்லைன்னுதானே அர்த்தம்?

பதில்: கடைசி வரி விடை மேல பெட்டி வச்சா யாரா இருந்தாலும் மறைப்பாங்க. போர்டோட இடது பாதில விடையை எழுதுங்க. மறைக்கிறவங்க எப்படியும் தொட மாட்டாங்க, நஷ்டம் இல்ல.

இரவுப்பறவை: ஒரே சேனல்ல அடுத்தடுத்து பார்த்தா அல்காரிதம் தூக்கி விடும்னு சொல்றாங்களே?

பதில்: சேனலுக்கு மார்க் போட்டுத் தூக்கி விடுறதுன்னு ஒண்ணும் இல்ல. பரிந்துரை ஒவ்வொரு பார்வையாளரோட பழக்கத்தை வச்சு நடக்குது. உங்க வீடியோ ரெண்டை அடுத்தடுத்து பார்த்தவரோட ஹோம் பேஜ்ல மூணாவது வர வாய்ப்பு அதிகம். அந்த 150-க்கு மதிப்பு அங்கதான்.

கணக்கு வாத்தியார்: விடமாட்டேன். பெட்டியைத் தொட்டவர் ஏற்கனவே உங்க ரசிகர். பெட்டி இல்லேன்னாலும் அடுத்ததைத் தேடிப் பார்த்திருப்பார். பெருமை எண்ட் ஸ்கிரீனுக்கு எப்படிப் போகும்?

பதில்: இது சரியான கேள்வி. முழுசாப் பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சோதிக்கலாம். பெட்டில வைக்கப் போற வீடியோவோட அனலிட்டிக்ஸ்ல டிராஃபிக் சோர்ஸ் (ஆள் எந்த வழியா வந்தாங்கங்கிற பட்டியல்) பாருங்க. பெட்டி வைக்கிறதுக்கு முன்னாடி 28 நாள், வச்ச பிறகு 28 நாள். 'எண்ட் ஸ்கிரீன்' வரிசை ஏறும். 'சஜஸ்டட் வீடியோ', 'சேனல் பேஜ்' வரிசைகள் அதே அளவு இறங்கினா நீங்க சொன்னது சரி, ஆள் வாசலைத்தான் மாத்தியிருக்கார். அதுங்க இறங்காம மொத்தம் ஏறினா அது புது வியூ.

வ்லாக் தம்பி: சார், எண்ட் ஸ்கிரீன் வச்சா சப்ஸ்கிரைபர் ஏறுமா?

பதில்: அடுப்பங்கரைக்குச் சொன்ன முதல் பதில்தான்: புது ஆள் வரமாட்டாங்க.

ஊர் சுத்தி: எப்பவும் லேட்டஸ்ட் அப்லோட் வைக்கலாமா?

பதில்: தினசரிச் செய்தி சேனல்னா வைங்க. மத்தவங்க வேண்டாம். ஊட்டி பட்ஜெட் ட்ரிப் பார்த்தவருக்கு உங்க கேமரா ரிவ்யூ எதுக்கு? தொடர் பயணம்னா பிளேலிஸ்ட் பெட்டி வைங்க, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது உங்களுதே ஓடும்.

கடைக்காரர்: வெப்சைட் லிங்க் பெட்டி வரல.

பதில்: யூடியூப் பார்ட்னர் புரோகிராம்ல (சேனல் வருமானம் பார்க்கிற திட்டம்) சேர்ந்திருக்கணும். இதுக்கு மேல மானிட்டைசேஷன் கேள்வி, மேல சொல்லிட்டேன்.

பழைய கை: வீடியோ மேல ஒட்டுற பழைய அனோட்டேஷன் குறிப்புப் பெட்டி நல்லா இருந்துச்சே, திரும்ப வருமா?

பதில்: வராது. போன்ல அது வேலை செய்யல. 2017 மே மாசம் எடிட்டரை நிறுத்தினாங்க, 2019 ஜனவரில இருந்ததையும் துடைச்சுட்டாங்க.

மாடித்தோட்டம்: "பை பை" சொல்லிட்டு 20 நொடி பெட்டி காட்டுறேன், யாருமே தொட மாட்டேங்கிறாங்க சார்.

பதில்: ஸ்பேனருக்குச் சொன்னதோட கடைசிப் பத்தி. "பை பை" சொன்னப்பவே போயிட்டாங்க.

கணக்கு வாத்தியார்: சரி, அல்ஜீப்ரா வீடியோவுல 28 நாள் சோதிக்கிறேன்.

பதில்: அதுவரைக்கும் தம்ப்நெயிலையும் தலைப்பையும் தொடாதீங்க. பரீட்சை சீசன் நடுவுல வர்ற மாதிரியும் வைக்காதீங்க, மார்ச்ல எல்லா வரிசையும் ஏறித் தொலையும்.