டீச்சிங் பிராக்டிஸுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

பி.எட். பிள்ளைகள் பள்ளிகளுக்குப் பயிற்சிக்குப் போகும் நேரம். பல ஊர், பல மொழி, பல சாதிப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் வகுப்பை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் பயிற்சியிலேயே காலம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு மாணவி: எனக்குப் போட்ட பள்ளியில் பனியன் கம்பெனிக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. எனக்கு இந்தி தெரியாதுங்க சார். எப்படிச் சமாளிப்பது?

இந்தி தெரிந்திருந்தாலும் பாதிதான் உதவும் அம்மிணி. ஒடிசாப் பிள்ளை வீட்டில் பேசுவது ஒடியா. பீகார்ப் பிள்ளை போஜ்புரியோ மைதிலியோ பேசும். நம்மூர்ப் பிள்ளைகளிலேயே பல அருந்ததியர் வீடுகளில் தெலுங்கு, தேவாங்கர் வீடுகளில் கன்னடம். அதனால் முதல் வாரம் யார் வீட்டில் என்ன பேச்சு என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே தடுமாறுவார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம்தான். இந்தியிலும் ஒடியாவிலும் நம் ‘ப’ இருக்கும் இடத்தில் நாலு எழுத்து. நாம் ‘பல்’லுக்கும் ‘அம்பு’வுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் மாற்றுகிறோம். “டீச்சர், இது வேற பு தானே?” என்று அந்தப் பிள்ளை கேட்டால் மக்கு என்று எண்ணிவிடாதீர்கள், காது கூர்மையாக இருப்பதால்தான் கேட்கிறது. இந்தியில் குறில் எ, ஒ தனியாகக் கிடையாது. ‘கொடு’, ‘கோடு’ இரண்டும் ஒன்றாகிவிடும். ‘ள’ ஒடியாவில் உண்டு, அதனால் ஒடிசாப் பிள்ளைக்குச் சட்டென்று வரும். பீகார்ப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். ‘ழ’ இரண்டு பேருக்குமே புதிது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வருகிறது என்பது வேறு கதை.

அப்புறம், இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளையை நாள் முழுக்க மொழிபெயர்க்க விடாதீர்கள். அதுவும் படிக்கத்தான் வந்திருக்கிறது.

பெருந்துறை மாணவர்: பத்து வயதுப் பையன், பள்ளிக்கே போனதில்லை. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். சரியா?

சரியில்லை தம்பி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கவும் கூடாது. ஆனால் பயிற்சிக்குப் போன இடத்தில் ஹெச்.எம்.மோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். வகுப்பாசிரியர் வழியாகப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி மாணவி: எல்லா மாநில உடைகளையும் சார்ட்டில் ஒட்டினால் போதுமா சார்?

உங்களுக்கு மார்க் கிடைக்கும், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. பட்டிப் பொங்கல் கட்டுரைக்கு முன்னால் ‘எங்கள் வீட்டு நோம்பி’ என்று, அவரவர் வீட்டுப் பண்டிகையைப் பற்றி ஒன்று எழுதச் சொல்லிப் பாருங்கள். மாடே இல்லாத லைன் வீட்டுப் பிள்ளையும் எழுதும்.

தாராபுரம் மாணவர்: நான் வகுப்பில் சாதிப் பேச்சே எடுப்பதில்லை. எல்லாரும் சமம் என்று நடத்தினால் போதாதா?

போதாது. நீங்கள் பேசாவிட்டாலும் அது அங்கே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். குடிதண்ணீர்க் குடத்தை யார் நிரப்புகிறார்கள்? விளக்குமாறு யார் கைக்குப் போகிறது? டீ வாங்கி வர யாரை அனுப்புகிறார்கள்? பாடம் எடுக்கத் தொடங்கும் முன் ஒரு வாரம் இதை மட்டும் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுங்கள். கரும்பலகை துடைப்பது, கூட்டுவது, உட்காரும் இடம் எல்லாவற்றையும் பதிவேட்டு வரிசைப்படி மாற்றிக்கொண்டே இருங்கள். கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது, முறை வைத்துக்கூட.

“ஸ்காலர்ஷிப் வாங்கறவங்கெல்லாம் எந்திரிங்க” என்று நல்ல மனதோடு சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொன்ன நொடியிலேயே சாதி வகுப்பில் எழுந்து நின்றுவிடும். படிவத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

2023இல் நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிற்றுக்குத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. அதற்காக நாலு பேர் முன்னால் பிள்ளையின் கையைப் பிடித்துக் கயிற்றை அறுக்காதீர்கள். வீட்டுக்குத் தெரியப்படுத்திக் கழற்ற வையுங்கள்.

சத்தியமங்கலம் மாணவி: மலைக்கிராமப் பள்ளியில் சோளகர் பழங்குடிப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

அவர்களுக்குத் தெரிந்ததை நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். தேனீ பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் கட்டுவது, கொம்பில் கட்டுவது, பொந்தில் கட்டுவது, கொசுத்தேன் என்று வகை பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பட்டியலைப் பலகையில் எழுதிவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். ஆனால் “நீ காட்டுப் பையன்தானே, சொல்லு” என்று ஒருவனை நிறுத்திக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளிடமும் அவரவர் வீட்டு வேலையைக் கேட்டால், தேன் தானாக வரும்.

ஈரோட்டிலிருந்து ஒரு விரிவுரையாளர்: பயிற்சி மாணவர்களிடம் இதை எப்படி மதிப்பிடுவது?

மேடம், பி.எட். இரண்டு ஆண்டான பிறகு பள்ளியில் இருக்கும் காலம் 20 வாரம் ஆகிவிட்டது. அதில் பெரும்பகுதி ரெக்கார்டு எழுதியே தீர்ந்துவிடுகிறது. நீங்கள் பார்வையிடப் போகும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பின் இருக்கைகளை ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கோடு. பீரியடு முடியும்போது முன் வரிசையில் புள்ளி மொய்த்திருக்கும், சில கட்டங்கள் காலியாகக் கிடக்கும். மார்க் போடும் முன் அந்தத் தாளை அவரிடமே கொடுத்து, காலிக் கட்டங்களில் இருப்பவர்களின் பேரை எழுதச் சொல்லுங்கள்.