பைத்தானை நீக்கினேன், டெஸ்க்டாப்பே போய்விட்டது!

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 லினக்ஸ் இருக்கிறது. பைத்தான் 3.12 தேவைப்பட்டதால் பழைய பைத்தான்3-ஐ ‘ஆப்ட் ரிமூவ்’ கொடுத்து நீக்கினேன். ஏதோ பெரிய பட்டியல் வந்தது, படிக்காமல் ‘ஒய்’ தட்டிவிட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கிறது, வேறெதுவும் வரவில்லை. ஃபார்மேட் செய்துதான் ஆகவேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆப்ட் (உபுண்டுவில் மென்பொருட்களை நிறுவும், நீக்கும் கருவி) உங்கள் ஹோம் ஃபோல்டரில் கை வைக்காது. படங்கள், ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கும். ‘பர்ஜ்’ (அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து நீக்கும் கட்டளை) கொடுக்காமல் ‘ரிமூவ்’ கொடுத்ததால், ஈடிசி ஃபோல்டரில் உள்ள அமைப்புக் கோப்புகளும் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

உங்கள் டெஸ்க்டாப்பைக் காட்டும் க்னோம்-ஷெல் இயங்க பைத்தான்3 வேண்டும். லாகின் திரையைக் காட்டும் ஜிடிஎம்3-க்கு க்னோம்-ஷெல் வேண்டும். அடியில் இருந்ததை நீங்கள் உருவியதும், அதை நம்பியிருந்த எல்லாவற்றையும் ஆப்ட் சேர்த்தே நீக்கிவிட்டது.

அந்தக் கறுப்புத் திரையிலேயே யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போங்கள். பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பதற வேண்டாம். லாகினே வராவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதில் இருக்கும் ஹிஸ்டரி டாட் லாக் என்ற கோப்பு. ‘லெஸ்’ கட்டளையில் அதைத் திறந்து கடைசிப் பகுதிக்குப் போங்கள். நீங்கள் கொடுத்த கட்டளை, நேரம், அதற்குக் கீழே ‘ரிமூவ்’ என்று தொடங்கும் நீண்ட வரி எல்லாம் இருக்கும். போன ஒவ்வொரு பேக்கேஜின் (மென்பொருள் தொகுப்பின்) பெயரும் பதிப்பு எண்ணோடு அதில் இருக்கிறது. உங்களுக்கு இதைவிட நல்ல பேக்கப் கிடையாது. இதை ஹோமில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

அடுத்து இணையம். ‘பிங்’ கட்டளை போட்டு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க்-மேனேஜர் தப்பியிருந்தால் பழைய வைஃபை தானாகவே இணைந்திருக்கும். இணைப்பு இருந்தால் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, பிறகு ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3 உபுண்டு-மினிமல் உபுண்டு-ஸ்டாண்டர்ட் உபுண்டு-டெஸ்க்டாப்’. (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.) லாகில் உள்ள பெயர்களை எல்லாம் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அத்தனையும் நீங்களே கேட்டு நிறுவியவை என்று ஆப்ட் குறித்துக்கொள்ளும், பின்னால் சுத்தம் செய்வது சிரமம். இந்த நான்கும் வந்த பிறகு விடுபட்டவற்றை மட்டும் லாகைப் பார்த்துச் சேருங்கள். எல்லாம் திரும்பும்வரை ‘ஆட்டோரிமூவ்’ (இனி தேவையில்லை என்று ஆப்ட் நினைப்பதை நீக்கும் கட்டளை) பக்கமே போகாதீர்கள். மிச்சம் இருப்பதையும் அது வழித்துவிடும்.

இணையம் இல்லையென்றால் அதே 22.04-இன் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே உபுண்டுவை இயக்கும் பென்டிரைவில்) பூட் செய்யுங்கள். அங்கே வைஃபையை இணைத்து, ‘எல்எஸ்பிஎல்கே’ மூலம் உங்கள் ரூட் பார்ட்டிஷனை (டிஸ்கில் உபுண்டு இருக்கும் பகுதியை) கண்டுபிடித்து, எம்என்டி ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் ஃபோல்டர்கள் நான்கையும் அதற்குள் பைண்ட் மவுன்ட் செய்துவிட்டு (அங்கேயும் தெரியும்படி இணைத்துவிட்டு) ‘சிஎச்ரூட்’ கொடுங்கள், உங்கள் சிஸ்டத்துக்குள் போய்விடுவீர்கள். ரன்னை விட்டுவிட்டால் டிஎன்எஸ் (இணைய முகவரிகளைக் கண்டுபிடிக்கும் வசதி) வேலை செய்யாது, ‘ஆப்ட் அப்டேட்’ தோற்றுப்போகும். பலர் மாட்டுவது இங்கேதான். பிறகு மேலே சொன்ன அதே கட்டளைகள்.

2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் போன யூடியூபர் லைனஸ் செபாஸ்டியனுக்கும் டெஸ்க்டாப் இப்படித்தான் பறிபோனது. அதன்பின் அத்தியாவசியப் பேக்கேஜ்களை எளிதில் நீக்கவிடாதபடி ஆப்ட்டை இறுக்கினார்கள். ஆனால் பைத்தான்3 அந்த அத்தியாவசியப் பட்டியலில் இல்லை. அதனால் எதை நீக்கும் முன்பும் ‘-எஸ்’ சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதெல்லாம் போகும் என்று காட்டும், எதையும் தொடாது.

பைத்தான் 3.12-ஐ டெட்ஸ்நேக்ஸ் பிபிஏவிலிருந்து (உபுண்டுவுக்கு வெளியார் தரும் மென்பொருள் கிடங்கிலிருந்து) பழையதன் பக்கத்திலேயே நிறுவலாம். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி அதில் 3.12-ஐப் பயன்படுத்துங்கள், சிஸ்டத்தின் 3.10 இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.